நூல் மாறும் கைகள்: ஓர் அமெரிக்கப் பாடலில் தன்னாய்வு



பிறரைப் பாடுதல் கவிஞனுக்கு எளிது. மன்னனைப் பாடலாம், மலையைப் பாடலாம், சமுதாயத்தின் குற்றங்களை அடுக்கி அடுக்கிப் பாடலாம். தன்னைத் தன் முன்னே நிறுத்தித் தன் குணம் இன்னதென்று கண்டு, கண்டதை மறைக்காமல் பாடுதலே அரிது. அவ்வரிய செயலை நான்கு நிமிடங்களுக்குள் அடங்கும் ஒரு மெல்லிசைப் பாடல் செய்து காட்டியிருக்கிறது. 1974-ஆம் ஆண்டில் ஹாரி சேப்பின் என்னும் அமெரிக்கப் பாடகர் பாடி வெளியிட்ட 'கேட்ஸ் இன் த கிரேடில்' என்பதே அப்பாடல். நாட்டுப்புறக் கதைப்பாடலின் எளிமையும் மென்மையான ராக் இசையின் ஓட்டமும் கலந்த பாடல் அது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் அது முதலிடத்தை அடைந்தது. ஹாரி சேப்பின் பாடியவற்றுள் அவ்விடத்தை எட்டிய பாடல் அது ஒன்றே.

விற்பனையில் வென்ற பாடல்கள் ஆயிரம் உண்டு. அவற்றுள் பல அடுத்த ஆண்டே மறக்கப்பட்டன. இப்பாடல் மட்டும் ஏன் நின்றது? கேட்டவர் ஒவ்வொருவரையும் அது ஏன் சுட்டது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பாடல் பிறந்த கதை

இப்பாடலைப் பாடியவர் ஆண். பாடலில் பேசுபவனும் ஆண், ஒரு தந்தை. ஆனால் இதன் சொற்கள் முதலில் பிறந்தது ஒரு பெண்ணின் ஏட்டில் என்பது பலரும் அறியாத செய்தி. ஹாரியின் மனைவி சாண்டி சேப்பின் ஒரு கவிதை எழுதினார். அவருடைய முதல் கணவரின் தந்தை ஜான் கேஷ்மோர், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குத் தலைவராக இருந்த அரசியல்வாதி. அத்தந்தைக்கும் மகனுக்கும் இடையே இயல்பான உறவு அமையாமற்போனதைச் சாண்டி அருகிலிருந்து கண்டவர். கண்டது கவிதையாயிற்று. வானொலியில் கேட்ட நாட்டுப்புறப் பாடல் ஒன்றும் அக்கவிதைக்குத் தூண்டுதலாக அமைந்தது.

கவிதையை முதலில் பார்த்தபோது ஹாரியின் உள்ளத்தை அது தொடவில்லை. 1972-இல் அவருக்கு மகன் பிறந்தான். தந்தையான பிறகே அக்கவிதை அவருக்குள் வேலை செய்யத் தொடங்கிற்று. அதற்கு இசை அமைத்தார்; பாடலாக்கினார். பாடலாசிரியர் என்னும் இடத்தில் கணவர் பெயரும் மனைவி பெயரும் இணைந்தே நிற்கின்றன.

ஒரு கவிதை தனக்குரிய வாசகனைப் பெறுவதற்குச் சில வேளைகளில் அவ்வாசகனின் வாழ்க்கையில் ஏதேனும் நிகழ வேண்டியிருக்கிறது. எழுத்து மாறவில்லை, படித்தவர் மாறினார். கவிதையின் பொருள் ஏட்டில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. ஆண் புலவர் பெண்ணின் கூற்றாகப் பாடுதல் தமிழ் மரபில் அகப்பாடல் தொட்டுப் பக்திப் பாடல் வரை பழகிய நெறி. இங்கே ஒரு பெண், ஆணின் கூற்றாக, அதிலும் தந்தையின் கூற்றாக எழுதியிருக்கிறார். குற்றம் செய்தவனைச் சுட்டிப் பேச அவருக்கு உரிமை இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. குற்றம் செய்தவனின் வாயிலேயே சொல்லை வைத்து, அவனே தன்னைக் கண்டுகொள்ளுமாறு விட்டுவிட்டார். பாடல் முழுவதிலும் தாய் ஒருத்தி தோன்றவே இல்லை. வீட்டில் இருந்தவள் பாட்டில் இல்லை. பாட்டை எழுதியவளாக மட்டும் இருக்கிறாள்.

நான்கு காட்சிகள்

பாடலின் அமைப்பு மிக எளியது. நான்கு காட்சிகள், ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு பல்லவி.

முதற் காட்சியில் குழந்தை பிறக்கிறது. பயணங்களும் கட்டவேண்டிய தொகைகளும் தந்தையை வெளியே இழுக்கின்றன. குழந்தை நடை பழகுவதும் பேச்சுப் பழகுவதும் அவன் இல்லாதபோதே நிகழ்ந்துவிடுகின்றன. இரண்டாம் காட்சியில் மகனுக்குப் பத்து வயது. பரிசாகக் கிடைத்த பந்தோடு வந்து, தந்தையை விளையாட அழைக்கிறான். வேலை இருப்பதாகத் தந்தை சொல்ல, முகம் வாடாமல் விலகிப் போகிறான். மூன்றாம் காட்சியில் மகன் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறான். இப்போது தந்தைக்கு அவனோடு சற்று உட்கார வேண்டுமென்னும் ஆசை. மகனுக்கு வேண்டியதோ காரின் சாவி. நான்காம் காட்சியில் தந்தை ஓய்வு பெற்றவர். மகன் வேற்றிடத்தில் குடும்பத்தோடு வாழ்பவன். தந்தை தொலைபேசியில் அழைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். புதிய வேலை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று மகன் காரணம் சொல்கிறான். பேச்சு இனிமையாகவே முடிகிறது. தொலைபேசியை வைத்த பிறகே தந்தைக்கு ஓர் உண்மை விளங்குகிறது: சிறு வயதில் மகன் ஆசைப்பட்டது நிறைவேறிவிட்டது. தந்தையைப் போலவே ஆவேன் என்றான், ஆகிவிட்டான்.

கதை இவ்வளவே. இதில் வில்லன் இல்லை, அடி உதை இல்லை, குடி இல்லை, கொடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. தந்தை உழைப்பாளி. அவர் சொல்லும் காரணங்களுள் ஒன்றும் பொய்யன்று. வண்டிச் செலவும் வீட்டுச் செலவும் உண்மையானவை. இதனாலேயே பாடல் சுடுகிறது. கெட்டவன் ஒருவனின் கதையாக இருந்தால் கேட்பவர் தம்மை விலக்கிக் கொள்ளலாம். நல்லவன் ஒருவன், நல்ல காரணங்களோடு, ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக இழந்த கதையாக இருப்பதால் விலகிக் கொள்ள வழியில்லை.

பல்லவியில் ஒரு மாற்றம்

பல்லவியில் ஒரு வினாவும் ஒரு விடையும் உள்ளன. வீட்டிற்கு வருவது எப்போது என்பது வினா. நாள் தெரியாது, வரும்போது சேர்ந்திருப்போம் என்னும் பொருள்பட அமைந்தது விடை. முதல் இரண்டு முறையும் வினவுபவன் மகன். விடை சொல்பவர் தந்தை. பின் இரண்டு முறையும் வினவுபவர் தந்தை. விடை சொல்பவன் மகன். மாறுவது ஒரு விளிச்சொல் மட்டுமே. தந்தையை அழைத்த இடத்தில் மகனை அழைக்கும் சொல் வந்து அமர்கிறது. இசை மாறவில்லை, பிற சொற்களும் ஏறத்தாழ அவையே. அவ்வொரு சொல் மாறியதும் ஒரு வாழ்க்கை முழுவதும் தலைகீழாகிறது.

பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவது செவிக்கு இனிமை தருவதற்காக என்பது பொதுவான எண்ணம். இங்கே அது நீதியின் தராசாக மாறிவிடுகிறது. இட்ட எடை எதுவோ அதே எடை மறுதட்டில் வந்து விழுகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் தந்தை மகனுக்குச் செய்யவேண்டியதை ஒரு குறளிலும், மகன் தந்தைக்குச் செய்யவேண்டியதை மற்றொரு குறளிலும் வைத்துப் பேசும். மழலை கேட்டலின் இனிமையையும் அதே அதிகாரத்தில் வைக்கும். இரு கடன்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்பவை. மழலை கேளாத தந்தை ஒருவன் முதற்கடனைத் தவறவிட்டால் இரண்டாம் கடன் என்னவாகும் என்னும் வினாவிற்கு அமெரிக்க மண்ணில் எழுந்த விடையாக இப்பாடலைக் கொள்ளலாம்.

நூலும் விளையாட்டும்

பல்லவியில் வரும் உருவங்கள் யாவும் மழலை உலகைச் சார்ந்தவை. தொட்டிற் பூனை, வெள்ளிக் கரண்டி, நீல உடைச் சிறுவன், நிலாவில் தெரியும் மனிதன் என நான்கு. குழந்தைப் பாட்டின் ஒலிக்காக அடுக்கப்பட்டவை போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் ஓர் உள்ளுறைப் பொருளைத் தாங்கி நிற்பதாகக் கொள்ள இடமுண்டு. வெள்ளிக் கரண்டி ஆங்கிலம் பேசுவோரிடையே செல்வப் பிறப்பின் அடையாளம். பொருள் கிடைத்தது, பொருள் தந்தவர் கிடைக்கவில்லை. நீல உடைச் சிறுவன் பழைய குழந்தைப் பாட்டொன்றில் ஆடு மாடுகளைக் காக்க வேண்டியவன். காக்க வேண்டிய வேளையில் உறங்கிப் போனவன். நிலா மனிதன் நாள்தோறும் முகம் காட்டுபவன். ஆயினும் கைக்கு எட்டாதவன். வீட்டில் அவ்வப்போது முகம் காட்டும் தந்தைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

எஞ்சியது தொட்டிற் பூனை. ஆங்கிலத்தில் 'கேட்ஸ் கிரேடில்' என்பது ஒரு சிறுவர் விளையாட்டின் பெயர். ஒரு குழந்தை இரு கைவிரல்களிலும் நூலை மாட்டி ஓர் உருவம் அமைக்கும். எதிரே நிற்கும் குழந்தை அந்நூலைக் குறுக்கே பற்றித் தன் விரல்களுக்கு மாற்றிக்கொள்ளும். மாறும்போது உருவம் புதிதாகும். மீண்டும் முதற் குழந்தை வாங்கிக்கொள்ளும். நூல் ஒன்றே, கைகள் மாறுகின்றன, உருவங்கள் மாறுகின்றன.

இவ்விளையாட்டுக்கு இருவர் வேண்டும். எதிரே கை நீட்ட ஆளில்லையேல், நூல் மாட்டிய இரு கைகளும் கட்டுண்டவை போல நிற்கும். பந்தோடு வந்த சிறுவனின் நிலை அதுவே. தொலைபேசியை வைத்த முதியவரின் நிலையும் அதுவே. பாடலின் தலைப்பு அதன் கட்டமைப்பையே சொல்லிவிடுகிறது எனலாம். தந்தை கையில் இருந்த நூல் மகன் கைக்கு மாறிற்று. மாறியது அன்பு என்று தந்தை எண்ணியிருந்தார். உண்மையில் மாறியது பழக்கம். குணம் என்பது அறிவுரையால் கைமாறுவதன்று, நாள்தோறும் கண்ட நடத்தையால் கைமாறுவது என்னும் கருத்து இந்நூல் விளையாட்டில் பொதிந்து கிடக்கிறது.

பாடியவரின் வாழ்க்கை

இதுவரை கண்டது பாடல். பாடியவரின் வாழ்க்கையை இதனருகில் வைத்தால் பாடல் இன்னும் கனக்கிறது.

ஹாரி சேப்பின் 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தை ஜிம் சேப்பின் புகழ்பெற்ற ஜாஸ் முரசுக் கலைஞர். முரசு பயில்வோர் இன்றும் போற்றும் பயிற்சி நூலை எழுதியவர். இசைக்குழுக்களோடு ஊர் ஊராகச் செல்வதே அவர் தொழில். 1950-இல் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். நான்கு ஆண் மக்களும் தாயிடம் வளர்ந்தனர். ஆக, வீட்டில் இல்லாத தந்தையை ஹாரி கவிதையில் படித்து மட்டும் அறிந்தவரல்லர்.

ஹாரியும் இசைஞரானார்; அவரும் ஊர் ஊராகச் சென்றார். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நிகழ்ச்சிகள் வரை நடத்தினார். நூல் கைமாறியதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை. இப்பாடல் தம்மை அச்சுறுத்துகிறது என்று அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். மேடைதோறும் அதைப் பாடியவர், தம் மகனை எண்ணியே அவ்வச்சத்தை ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவரை எளிதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட இயலாது. அந்நிகழ்ச்சிகளுள் ஏறத்தாழப் பாதி, பிறர் நலனுக்காக நடத்தப்பட்டவை. பசியை ஒழிப்பதே அவர் வாழ்வின் வேட்கையாக இருந்தது. 1975-இல் பில் அயர்ஸ் என்பவரோடு சேர்ந்து உலகப் பசி ஒழிப்பிற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் அமைந்த உலகப் பசி பற்றிய ஆணையம் உருவாவதற்குப் பாடுபட்டார். அதன் உறுப்பினராகவும் இருந்தார். பாட்டில் வரும் தந்தை பணத்திற்காக அலைந்தவர். பாடிய தந்தை பிறர் பசிக்காக அலைந்தவர். முன்னதைக் காட்டிலும் பின்னது உயர்ந்த காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாசலில் பந்தோடு நிற்கும் குழந்தைக்கு இரு காரணங்களும் ஒன்றே. காரணம் உயர உயர, அதை மறுத்துப் பேசும் வாய்ப்பும் அக்குழந்தைக்குக் குறைந்துகொண்டே போகிறது. இவ்விடத்திலேதான் பாடல் எழுப்பும் அறவினா முழுக் கூர்மை பெறுகிறது.

1981-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், லாங் ஐலண்ட் விரைவுச்சாலையில் அவர் ஓட்டிச் சென்ற காரில் லாரி மோதியது. அன்று மாலை பூங்கா ஒன்றில் கட்டணமின்றிப் பாடவிருந்தார். அவருக்கு வயது 38. பாட்டின் இரண்டாம் காட்சியில் பந்தோடு வரும் மகனுக்கு வயது பத்து. ஹாரியின் மகன் அந்த வயதை எட்டுவதற்கு முன்பே தந்தையை இழந்தான். பாட்டில் உள்ள தந்தைக்கு முதுமையும் தொலைபேசியும், காலம் கடந்தேனும் ஒரு விளக்கமும் வாய்த்தன. பாடிய தந்தைக்கு அவையும் வாய்க்கவில்லை.

அவர் மறைந்த பின், பசி ஒழிப்புப் பணிக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டு, அவர் உயிரோடிருந்தால் 45-ஆம் பிறந்தநாளைக் கண்டிருக்கக்கூடிய நாளில் அச்சிறப்பு நிகழ்ந்தது. அவர் தொடங்கிய அமைப்பு வேறு பெயரில் தொடர்ந்து பணியாற்றி வருகிறது. இழப்பையும் சிறப்பையும் ஒரே வாழ்க்கையில் வைத்துப் பார்க்கும் பொறுமை இருந்தாலன்றி இப்பாடலின் முழுப்பொருள் விளங்காது.

காலம் கடந்த அறிவு

இப்பாடல் மிகையுணர்ச்சி கொண்டது, கணக்குப் போட்டாற்போல முடிவது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் ஓரளவு உண்மை இருக்கலாம். வாழ்க்கையில் கடன்கள் இத்துணை ஒழுங்காகத் திரும்புவதில்லை. புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகளுள் பலர் மிகுந்த பாசமுள்ள பெற்றோராக வளர்வதும் உண்டு. ஆனால் பாடல் ஒரு விதியைக் கூறவில்லை. ஒரு கணத்தைக் காட்டுகிறது. ஒருவன் தன் குணத்தைப் பிறன் ஒருவனின் நடத்தையில் அடையாளம் கண்டு திடுக்கிடும் கணம் அது. கண்ணாடியில் தன் முகத்தைக் காண்பவன் தனக்குப் பிடித்த கோணத்தில் நின்று காண்கிறான். பிள்ளையின் முகத்தில் தன் குணத்தைக் காண்பவனுக்கு அவ்வசதி இல்லை.

ஹாரியின் தாய்வழிப் பாட்டனார் கென்னத் பர்க், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கத் திறனாய்வாளருள் தலைசிறந்தோருள் ஒருவர். 1938-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, இலக்கியத்தை வாழ்வதற்குரிய கருவியாகக் காணும். மீண்டும் மீண்டும் நேரும் ஒரு சூழலுக்கு மக்கள் சூட்டும் பெயரே பழமொழி. பெரிய இலக்கியங்களும் அவ்வாறே வாழ்க்கைச் சூழல்களுக்குப் பெயர் சூட்டுகின்றன. பெயர் தெரிந்தால் எதிர்கொள்ளும் வழியும் தெரியும் என்பது அவர் கருத்தின் சாரம். பாட்டனாரின் கொள்கைக்குப் பேரனின் பாடல் இலக்கியமாக அமைந்ததைக் காண்க. பிள்ளைக்கு நேரம் ஒதுக்காத தந்தையின் நிலையைச் சுட்ட, இப்பாடலின் தலைப்பையே சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்பட்டுவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் அக்லி கிட் ஜோ என்னும் இளைஞர் குழு இதை வன்மையான ராக் இசையில் மீண்டும் பாடி முதல் பத்து இடங்களுள் கொண்டு சேர்த்தது. தந்தையர் தலைமுறை பாடிய பாடலை மக்கள் தலைமுறை தன் குரலில் பாடிற்று. நூல் மறுபடியும் கைமாறிற்று.

பாட்டில் வரும் தந்தை பெற்ற அறிவால் அவருக்குப் பயன் ஏதுமில்லை, தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது. அவ்வறிவின் பயன் முழுவதும் கேட்பவருக்கே உரியது. அவருடைய நான்காம் காட்சி, கேட்பவர் ஒருவரின் இரண்டாம் காட்சியில் வந்து சேர்கிறது. பந்தோடு வந்த பிள்ளை இன்னும் வாசலில் நிற்கும்போதே வந்து சேர்கிறது.

கவிஞர்க்கு ஒரு சொல்

தன்னாய்வுக் கவிதைக்குள் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. குறையைப் பாடிவிட்டாலே குறை தீர்ந்துவிட்டதாகக் கவிஞன் எண்ணிவிடக்கூடும். வருத்தம் அழகிய அடிகளாக அமைந்ததும், கைதட்டல் வருத்தத்தை வாங்கிக்கொள்கிறது. ஹாரி சேப்பின் அவ்வாறு எண்ணவில்லை என்பதற்கு அவர் ஒப்புக்கொண்ட அச்சமே சான்று. பாடல் தம்மைக் காப்பாற்றும் என்று அவர் நம்பவில்லை. தம்மைத் துரத்துகிறது என்றே உணர்ந்தார். தன்னைக் கண்டறிதல் ஒன்று. கண்டபின் அடுத்த மாலைப்பொழுதில் செய்வது மற்றொன்று. குணம் எனப்படுவது பின்னதே.

பத்தாண்டுகளாக ஓர் இலக்கிய வட்டம் கூடுகிறதெனில், அதன் உறுப்பினர் பத்தாண்டு மாலைகளை அதற்கு ஈந்திருக்கின்றனர் என்பது பொருள். அம்மாலைகளில் ஒவ்வொரு வீட்டிலும் எவரோ விளக்கேற்றி, உணவு ஆக்கி, பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை சொல்லிக் காத்திருந்தனர். அவர்கள் பெயர் எந்த மலரிலும் அச்சாவதில்லை. இப்பாடலை எழுதிய பெண்ணும் அவ்வாறு காத்திருந்தவர்களுள் ஒருவரே.

விழா இனிது நிறைவுறட்டும். மலர் அச்சாகி ஊரெங்கும் செல்லட்டும். கவிஞர் பெருமக்கள் இன்று சற்று முன்னதாகவே வீடு திரும்பட்டும். அங்கே ஒரு சிறு கை நூலை மாட்டிக்கொண்டு, எதிர்க்கை வரும் வரை காத்து நிற்கக்கூடும்.